உள் உபயோகத்துக்கு மட்டும்

எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் படிக்கவேண்டியவன் கண்ணில் படாதபடி செய்துவிட்டேன். நான் உண்மையைச் சொன்னவனா, மறைத்தவனா? இந்தக் கேள்வி எனக்கு ஒரு கவிதைத் தொகுதியையோ நாவலையோ முன்வைத்து எழவில்லை. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமின் நடுவில், தப்பான ஆங்கிலத்தில் கிடந்த மூன்று வரிகளை முன்வைத்து எழுந்தது. ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நானும் அந்தத் துறையைச் சேர்ந்தவனல்ல, வங்கிக் குமாஸ்தா.

கடன் சங்கங்களுக்கு வட்டிக் கணக்குப் போடும் புரோகிராம் எழுதுகிற சிறிய நிறுவனம் ஒன்றில் நண்பர் ஒருவர் இருக்கிறார். புரோகிராமுக்கான விளக்கப் பக்கங்களை வெளியூரில் வேறொரு கம்பெனிக்கு அனுப்பவேண்டும், அதற்கு முன் ஆங்கிலத்தைச் சரிபார்த்துத் தரமுடியுமா என்று கூப்பிட்டார். ஆங்கில இலக்கியத்தில் நான் வாங்கிய பி.ஏ. பட்டம் இதுநாள்வரை உறவினர்களின் விண்ணப்பப் படிவங்களை நிரப்பத்தான் பயன்பட்டிருக்கிறது, சந்தோஷமாகவே போனேன். விளக்கப் பக்கங்கள் தனியாக எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. புரோகிராமின் மூலப்பிரதியிலேயே, கட்டளை வரிகளுக்கு இடையிடையே, குறிப்புகளாக எழுதிவைக்கிறார்கள். பிறகு வேறொரு புரோகிராம் அந்த மூலப்பிரதியை மேய்ந்து, குறிப்புகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் பக்கங்களாகக் கோத்துத் தந்துவிடுகிறது. நான் திருத்தவேண்டியிருந்தது அந்தக் குறிப்புகளை.

வட்டி கணக்கிடும் பகுதிக்கு மேலே ஒரு குறிப்பு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது: அசல் இவ்வளவு, விகிதம் இவ்வளவு, நாள் இத்தனை என்று கொடுத்தால் வட்டி இவ்வளவு என்று திருப்பித்தரும். அதன் கீழே 'இன்டர்னல்' என்று ஒரு சொல், முன்னால் ஒரு சாய்கோட்டோடு. அதற்கும் கீழே மூன்று வரி: தவணை நடுவில் விகிதம் மாறினால் சில கணக்குகளில் வட்டி ஒரு ரூபாய்க்கும் குறைவான தொகை கூடுதலாக வருகிறது, காரணம் பிடிபடவில்லை, அவகாசம் கிடைக்கும்போது பார்க்கவேண்டும். எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் ஆங்கிலம். திருத்தினேன். திருத்திவிட்டு, "இதை அனுப்பப்போகிறீர்களா?" என்றேன்.

"அது வெளியில வராது சார். அந்த வார்த்தைக்குக் கீழ இருக்கறது எதுவும் பக்கத்துல ஏறாது. ஆனா அழிக்கலையே, ஃபைல்லயேதான இருக்கு" என்றார்.

அந்தப் பதிலிலிருந்து என்னால் இன்னும் மீளமுடியவில்லை.

குறிப்பு என்ற சமாசாரம் புரோகிராம் மொழிகள் தோன்றிய நாளிலிருந்தே இருக்கிறது. 1957-ல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரானில், துளையட்டையின் முதல் கட்டத்தில் 'சி' என்ற எழுத்தைப் போட்டுவிட்டால் அந்த அட்டையில் உள்ள எதையும் இயந்திரம் பொருட்படுத்தாது. கட்டளை வரியில் ஒரு புள்ளி தவறினாலும் வேலை நின்றுபோகும். குறிப்பிலோ திட்டலாம், புலம்பலாம், பொய் சொல்லலாம், வெண்பா எழுதலாம். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். அதன் செவிட்டுத்தன்மையால் மனிதனுக்குக் கிடைத்த ஒரு முழ இடம் அது. பின்னால் இதே கோப்பைத் திறக்கப்போகும் இன்னொரு மனிதனுக்காக மட்டும் எழுதப்படுவது. யோசித்துப் பார்த்தால் ஐந்நூறு பிரதி அடிக்கும் பத்திரிகையில் எழுதுகிற நமது நிலைமைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இந்த இடத்தில் எழுதப்பட்டவற்றுள் மிகவும் பிரசித்தமானது 1975-ல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் இருக்கிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு இயந்திரம் மாறும் இடம். அந்த வரிகளுக்குத் தலைமாட்டில் ஒரு குறிப்பு, படிக்கிறவன் இதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்று எதிர்பார்க்கப்படவில்லை என்று அறிவிக்கிறது. ஆணவம் என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். அதை ஆக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பிற்பாடு விளக்கம் எழுதினார்: சவாலாக எழுதவில்லை, பரீட்சைக்கு இது வராது என்கிற தொனியில்தான் எழுதினோம், உண்மையில் அங்கே என்ன நடக்கிறது என்பது எங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை. வேறொரு இயந்திரத்துக்குக் கொண்டுபோக முயன்றபோதுதான் அந்த ஏற்பாடே கோளாறானது என்று தெரிந்ததாம். ஆக, ஆணவம் என்று வாசிக்கப்பட்டது ஒரு அரைகுறை ஒப்புதல். நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஜான் லயன்ஸ் 1976-77-ல் அந்த மூலப்பிரதியை வரி எண் போட்டு அச்சிட்டு, கூடவே ஒரு உரையும் எழுதினார். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிம நிபந்தனைகள் மூலப்பிரதியை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துவதைத் தடுத்துவிட்டன. லயன்ஸின் உரை போட்டோகாப்பியின் போட்டோகாப்பியாகக் கைமாறிக் கைமாறி, இருபது வருஷத்துக்குப் பிறகு 1996-ல்தான் முறையான புத்தகமாக வந்தது. நம்மில் அநேகர் ரசமிழந்த ஜெராக்ஸ் தாள்களில்தான் முக்கியமான சிலவற்றைப் படித்தோம். அந்தத் தாள்களுக்கு இருந்த கனம் பின்னால் வந்த வழவழப்பான பதிப்புக்கு இருக்கவில்லை.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று: அந்தப் பிரசித்தமான குறிப்பு ஒரு பகுதியின் வாசலில் இல்லை, உள்ளே, கட்டளைகளுக்கு நடுவே இருக்கிறது. இன்று அந்தக் கோப்பை விளக்கப்பக்கம் தயாரிக்கும் கருவியிடம் கொடுத்தால், அது வாசலில் இருப்பதை மட்டுமே பொறுக்கும், உள்ளே போகாது. ஆறாம் பதிப்பின் விளக்கப் பக்கங்கள் சர்வ லட்சணங்களோடும் வந்திருக்கும், அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர.

வாசலில் இருப்பதைப் பொறுக்கும் வழக்கம் பரவலானது 1996-க்குப் பிறகு என்று கொள்ளலாம். அந்த வருஷம் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவாவோடு 'ஜாவாடாக்' என்ற கருவியும் சேர்ந்தே வந்தது. சாய்கோடு போட்டு ஒரு நட்சத்திரம் வைத்தால் அது பழைய பாணிக் குறிப்பு, யாருக்கும் கேட்காது. இரண்டு நட்சத்திரம் வைத்தால் பகிரங்கம். கருவி அதை எடுத்துப் பக்கத்தில் ஏற்றிவிடும். ஒரு நட்சத்திரம் அதிகம், அவ்வளவுதான். தனிப்பேச்சு மேடைப்பேச்சாகிவிடுகிறது. அடுத்த வருஷம் டிமிட்ரி வான் ஹேஷ் என்பவர் 'டாக்ஸிஜன்' கொண்டுவந்தார். அது மற்ற மொழிகளுக்கும் இதைச் செய்தது. என் நண்பர் உபயோகிப்பது அதைத்தான்.

ஜாவாடாக்கில் ஒரு விதி உண்டு. குறிப்பின் முதல் வாக்கியம் மட்டும் பக்கத்தின் மேலே இருக்கும் சுருக்க அட்டவணைக்குப் போகும். மீதியெல்லாம் கீழே, தேடிப் போகிறவனுக்கு. முதல் வாக்கியம் எது என்று கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதலில் வரும் புள்ளிக்குப் பின்னால் இடைவெளி இருந்தால் வாக்கியம் முடிந்தது என்று வைத்துக்கொள்கிறது. 'டாக்டர்' என்பதைச் சுருக்கிப் புள்ளி வைத்து ஒருவர் பெயரை எழுதினால் அட்டவணையில் பட்டம் மட்டும் நிற்கும், ஆளைக் காணோம். இந்த விதியை டாக்ஸிஜனும் வேண்டுமானால் பின்பற்றும், அமைப்பில் ஒரு வரி மாற்றினால் போதும். அற்பமான விவரம் என்று தோன்றும். எழுதுகிறவனுக்கு இது அற்பமல்ல. எதை முதல் வாக்கியத்தில் சொல்வது, எதை நான்காவதில் சொல்வது என்பது இனி நடை சார்ந்த பிரச்னை மட்டுமல்ல. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை அது தீர்மானிக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் வேறொரு கனவு இருந்தது. டொனால்ட் நூத் 1984-ல் ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராம் என்பது இயந்திரத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்வதல்ல. இயந்திரம் என்ன செய்யவேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ அதை மனிதர்களுக்குச் சொல்வது என்பது அவருடைய கட்சி. அதற்காக 'வெப்' என்று ஒரு முறையை அமைத்தார் (உலகளாவிய வலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஆசிரியன் கட்டுரை எழுதுவதுபோல் தன் மனப்போக்கின் வரிசையில் எழுதிக்கொண்டு போவான். 'டேங்கிள்' என்ற கருவி அதிலிருந்து இயந்திரத்துக்கு வேண்டியதைச் சிக்கலாகப் பின்னிக் கொடுக்கும். 'வீவ்' என்ற கருவி மனிதன் படிப்பதற்கான பக்கங்களை நெய்து தரும். அச்சுக்கோப்புக்காகத் தாம் எழுதிய டெக்ஸ் புரோகிராமை அவர் இப்படியே எழுதி, 1986-ல் முழுப் புத்தகமாக வெளியிட்டார். படிப்பறிவுள்ள புரோகிராம் என்று தம் முறைக்கு அவர் வைத்த பெயரில் ஒரு குறும்பு உண்டு. இந்தப் பெயரைக் கேட்டவர்கள் மேல் ஒரு தார்மீக நிர்ப்பந்தத்தை ஏற்றுகிறேன், தன் புரோகிராம் படிப்பறிவற்றது என்று ஒப்புக்கொள்ள எவனுக்கு மனசு வரும் என்று அவரே அந்தக் கட்டுரையில் சொல்லிக்கொள்கிறார்.

நூத்தின் முறை பரவவில்லை. ஜாவாடாக் பரவியது. ஏனென்று கேட்டால் சௌகரியம் என்பார்கள். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. நூத்தின் நெசவில் ஒதுக்கிவைக்க இடமில்லை. இயந்திரத்துக்குப் போகும் ஒவ்வொரு வரியும் மனிதனுக்கான பக்கத்திலும் இருந்தாகவேண்டும். கட்டுரை எழுதுகிறவனுக்கு இருக்கும் பொறுப்பு அது. ஜாவாடாக் வகையில் கட்டிடத்தின் எலும்புக்கூட்டைக் கட்டளைகளே கொடுத்துவிடுகின்றன. எழுதுகிறவன் கதவுதோறும் பெயர்ப்பலகை மாட்டினால் போதும். எந்தக் கதவுக்குப் பலகை வேண்டாம் என்பதும் அவன் இஷ்டம். டாக்ஸிஜனில், குறிப்பு எழுதப்படாத உறுப்புகளைப் பக்கத்திலிருந்தே நீக்கிவிடு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 'காண்ட்' என்ற சொல்லிலிருந்து 'எண்ட்காண்ட்' வரை உள்ளதை, குறிப்பிட்ட நிபந்தனை இல்லாதபோது விட்டுவிடு என்று சொல்லலாம். 'இன்டர்னல்' என்றால் அந்தக் குறிப்பின் மீதி முழுவதையும் விட்டுவிடும். உள் விவரங்களையும் சேர்த்துக்கொள் என்று அமைப்பில் ஒரு வரி எழுதினால் அதே கோப்பிலிருந்து இன்னொரு பிரதி கிடைக்கும். ஒரு மூலம், இரண்டு பக்கங்கள்: நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று.

நம்முடைய பழைய ஏற்பாட்டை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியவில்லை. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியனே சொல்லிக்கொள்ளக் கூடாது, அவனுடைய ஆசிரியனோ உடன்படித்தவனோ மாணாக்கனோ உரைகாரனோ சொல்லவேண்டும் என்று நன்னூல் வைத்திருக்கிறது. தற்புகழ்ச்சிக்குப் பயந்து போட்ட விதி என்றே நமது பண்டிதர்கள் சொல்லிப்போனார்கள். அதைவிட முக்கியம், நூலில் எது காட்டப்படவேண்டும் என்கிற தேர்வு நூல் செய்தவன் கையில் இல்லாமல் போகிறது என்பது. உரைகாரன் ஒரு சூத்திரத்தைப் பிடிக்கவில்லை என்று தாண்டிப்போக முடியாது. அடுத்த உரைகாரன் பிடித்துக்கொள்வான்.

இனி, இந்தக் குறிகள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். குறிப்பை இயந்திரம் கேட்காது என்றேன். 1997-ல் வந்த ஜாவா 1.1-ல் அந்த வேலி முறிந்தது. ஒரு பகுதி இனி வேண்டாம், வழக்கொழிந்தது என்று சொல்ல, இரட்டை நட்சத்திரக் குறிப்புக்குள் 'டெப்ரிகேட்டட்' என்று எழுதும் வழக்கம் அப்போது வந்தது. விளக்கக் கருவி மட்டுமல்ல, மூலத்தை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் அந்தச் சொல்லைக் குறிப்புக்குள் எட்டிப்பார்த்துப் படித்தது. அந்தப் பகுதியை உபயோகிக்கிறவனுக்கு எச்சரிக்கை கொடுத்தது. செவிடன் என்று நம்பி அவன் எதிரில் பேசிக்கொண்டிருந்தோம், அவனுக்குக் காது கேட்கிறது! இது முறையல்ல என்று உணர்ந்தோ என்னவோ, 2004-ல் ஜாவா 5 வந்தபோது அதே காரியத்துக்குக் குறிப்புக்கு வெளியே ஒரு தனிக் குறி கொடுத்தார்கள். ஆனால் வழக்கொழிந்தது என்ற அறிவிப்புக்கு என்ன பலன்? ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை வெளியிலிருந்து சட்டென்று நிறுத்தும் 'ஸ்டாப்' என்ற வசதி அபாயகரமானது என்று 1998-ல் ஜாவா 1.2-லேயே அப்படிக் குறிக்கப்பட்டது. கூப்பிட்டால் மறுத்துப் பிழை காட்டும்படி அது மாற்றப்பட்டது 2023-ல், ஜாவா 20-ல். இருபத்தைந்து வருஷம் 'வேண்டாம்' என்ற பலகையோடு கதவு திறந்தே கிடந்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பலகையாவது இருந்தது.

ஆண்ட்ராய்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். கூகிளின் அந்த மூலப்பிரதியில், குறிப்புக்குள் மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழிக்குறியைப் போட்டு 'ஹைட்' என்று எழுதிவிட்டால், அந்த வசதி விளக்கப் பக்கத்தில் வராது. அதோடு நிற்கவில்லை. வெளியார் புரோகிராம் எழுதுவதற்காகக் கொடுக்கப்படும் பட்டியல் நூலகத்திலிருந்தும் அது நீங்கிவிடும். ஆனால் கைபேசிக்குள் அது இருக்கும், வேலை செய்யும். சொந்தக்காரர்கள் உபயோகித்துக்கொள்வார்கள். குறுக்குவழி தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வரும் என்று கண்டுகொண்டு, வெளியாரும் வருஷக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2018-ல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது கைபேசியே அந்தக் கூப்பாடுகளைத் தடுக்க ஆரம்பித்தது. எவையெவை தடை, எவையெவை தற்காலிகமாக அனுமதி என்று நிறம் பிரித்துப் பட்டியல்கள் போட்டார்கள். ஒரு குறிப்புக்குள் எழுதிய ஒரு சொல், இருப்பதை இல்லாததாக ஆக்கமுடியாமல், பத்து வருஷம் கழித்து ஒரு காவல்காரனைக் கேட்டது.

கூகிள் செய்ததற்கு நியாயம் இல்லாமலில்லை. ஒரு வசதியை விளக்கத்தில் ஏற்றினால் அது வாக்குறுதியாகிவிடுகிறது, நாளை மாற்றமுடியாது. அரைவேக்காட்டை ஊருக்குப் பரிமாறாமல் அடுக்களையில் வைத்துக்கொள்வது பொய்யல்ல. எந்த எழுத்தாளனும் தன் அடித்தல் திருத்தல்களைச் சேர்த்து அச்சிடுவதில்லை. ஆகவே மறைப்பு என்பதையே ஒட்டுமொத்தமாகக் கண்டிக்கும் ஒழுக்கவாதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. நான் பிரித்துப் பார்க்க விரும்புவது வேறு: சொல்லப்படாததால் யாருக்கு நஷ்டம்? ஆண்ட்ராய்டின் மறைந்த வசதியை அறியாதவனுக்கு நஷ்டமில்லை. அறிந்து உபயோகித்தவனுக்குத்தான் ஆபத்து. என் நண்பரின் மூன்று வரியை அறியாதவன் கடன்காரன். அவன் கணக்கில்தான் அந்தக் காசு ஏறுகிறது. இரண்டையும் ஒரே சொல் மறைக்கிறது என்பதுதான் இந்தக் குறிகளிடம் எனக்குள்ள அச்சம். வேகாததையும் கெட்டுப்போனதையும் ஒரே மூடி போட்டு மூடலாம்.

ஒரு ரூபாய்க்கும் குறைவுதானே என்று சொல்லலாம். பேரேட்டுக் காலத்தில் பத்துப் பைசா வித்தியாசத்துக்காக இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேடியதைப் பற்றி என் சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்துப் பைசா அவர்களுக்கும் பெரிதல்ல. எங்கோ ஒரு தப்பு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. சாட்சியை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகமுடியாது.

நண்பரின் பக்கத்தில் நின்றும் பார்க்கவேண்டும். 'இன்டர்னல்' என்ற சொல் இல்லாவிட்டால் அவர் அந்த மூன்று வரியை எழுதியே இருக்கமாட்டார். இது எனக்கு உறுதியாகத் தெரியும். எழுதியதெல்லாம் வெளியே போகும் என்றால் எழுதுகிறவன் விளம்பரம் எழுத ஆரம்பிப்பான். எந்தக் கருவியும் சீண்டாத பழைய ஒற்றை நட்சத்திர இடத்தில்தான் மனிதர்கள் 'இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை' என்று எழுதினார்கள். ஆகவே மறைவுதான் ஒப்புதலுக்கு நாம் கொடுக்கும் விலை என்று ஒருவர் வாதாடினால் உடனடியாக என்னிடம் பதிலில்லை. ஆனால் ஒன்று கேட்கலாம். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிறவன் மறைவாகத்தான் சொல்கிறான்; பாதிரியார் காதாவது அதைக் கேட்கிறது. இங்கே கேட்டது யார்? கோப்பில் இருக்கிறது என்கிற நிம்மதி ஒன்றே மிஞ்சுகிறது. 'அழிக்கலையே' என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது கள்ளத்தனமல்ல. கடமையைச் செய்துவிட்டவனின் தெளிவு இருந்தது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

குறிப்பைப் பொறுப்பாளியாக்க நடந்த முயற்சிகளும் உண்டு. பைதானில் டிம் பீட்டர்ஸ் எழுதிய 'டாக்டெஸ்ட்' 2001 முதல் அந்த மொழியோடு சேர்ந்தே வருகிறது. விளக்கத்தில் 'இதைக் கொடுத்தால் இது வரும்' என்று எழுதியிருந்தால், அதையே இயக்கிப் பார்த்து, வருகிறதா என்று சொல்லிவிடும். ரஸ்ட் மொழியிலும் விளக்கக் குறிப்பில் எழுதும் உதாரணங்கள் சோதனைகளாக ஓடுகின்றன. நல்லதுதான். ஆனால் இவை பிடிப்பது சொன்ன பொய்யை, சொல்லாததை அல்ல. (அதே ரஸ்டில் விளக்கத்திலிருந்து ஒன்றை ஒளித்துவைக்கவும் ஒரு குறி இருக்கிறது.)

இடையில் நம் பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. கூகிளில் பிறந்த 'கோ' மொழியில், பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் அது வெளியாருக்கு, சிறிய எழுத்தாக இருந்தால் உள்ளே மட்டும் என்பது விதி. தமிழில் பெரிய எழுத்து ஏது? தவிரவும், சேர்ந்து நிற்கும் குறிகளைப் பெயரில் அது அனுமதிப்பதில்லை. புள்ளி, கால், கொம்பு, கொக்கி எதுவும் வரக்கூடாது. 'மர' என்று எழுதலாம், 'மரம்' என்று எழுதமுடியாது. ஆக, அந்த மொழியின் பெயர்களில் தமிழுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. இருக்கும் இடங்களுள் ஒன்று குறிப்பு. நாமே பிறவியில் உள் உபயோகத்துக்கு மட்டும் போலிருக்கிறது.

நண்பரிடம் இவற்றையெல்லாம் பிரசங்கமாகச் செய்திருக்கலாம். செய்யவில்லை, ஏனென்றால் அன்று காலைதான் என் மேஜையைக் குடைந்தபோது ஒரு கைப்பிரதி அகப்பட்டிருந்தது. ஒரு கவிதைத் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரை. தொகுதியின் பின்பாதி முன்பாதியின் நகல், இவர் தாம் எழுதியதையே பார்த்து எழுத ஆரம்பித்துவிட்டார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அச்சில் வந்திருப்பது: பின்பாதியில் கவிஞர் தமது குரலை மேலும் உறுதிப்படுத்திக்கொள்கிறார். அந்தப் பென்சில் குறிப்பை நான் அழிக்கவில்லை. அது இருக்கிறது என்பதாலேயே, என் அபிப்பிராயம் கறைபடாமல் பத்திரமாக இருப்பதாக மூன்று வருஷம் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கவிஞரின் அடுத்த தொகுதி முழுக்க அந்தப் பின்பாதியாகவே வந்தது. காரணம் நான் என்று சொன்னால் அது என் கர்வம். எனக்குச் சம்பந்தமேயில்லை என்று சொன்னால் நான் எதற்கு விமர்சனம் எழுதுகிறேன்?

"அந்த வார்த்தையை எடுத்துவிடலாமே" என்று மட்டும் சொன்னேன்.

நண்பர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துடலாம் சார். ஆனா இப்படியே போனா ஆளாளுக்கு ஃபோன் பண்ணுவாங்க. நீங்களே வேற மாதிரி எழுதிக் குடுங்க. உண்மையாவும் இருக்கணும்" என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். முதல் வாக்கியத்தில் இந்தப் பகுதி என்ன செய்கிறது என்று சொன்னேன். அட்டவணைக்கு அது போகும். இரண்டாவதில் நாட்களை எண்ணும் முறை. மூன்றாவதில் விடுமுறை நாளில் தவணை வந்தால் என்ன ஆகும் என்பது. நான்காவது வாக்கியத்தில், தவணை நடுவே விகிதம் மாறும் நேர்வுகளில் கணக்கிடப்பட்ட வட்டியில் ஒரு ரூபாய்க்கு உட்பட்ட மிகை காணப்படக்கூடும் என்று, செயப்பாட்டு வினையில், யார் காண்பது என்று சொல்லாமல் எழுதினேன். 'காரணம் பிடிபடவில்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு நல்ல சொற்றொடர் அகப்பட்டது. ஆராயப்பட்டு வருவதாக அர்த்தம் தரும். நண்பர் இரண்டுமுறை படித்தார். அவருக்கு மிகவும் திருப்தி. "இதுக்குத்தான் சார் இங்கிலீஷ் படிச்சவங்க வேணும்" என்றார்.

பக்கங்கள் வெள்ளிக்கிழமை போயின. இதுவரை அங்கிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை என்கிறார்.